வாயிலில் ஒரு பெரிய நாய்

2020ஆம் ஆண்டு, ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழாவன்று காலைத் திருப்பலி முடிந்து நாம் ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது, நமது பங்கைச் சேர்ந்த முதிய தம்பதியர் நம்மை அணுகினர். கணவர் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி முப்பது ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றியவர். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்த நாடுகளில் குடும்பத்தோடு வாழ்கின்றனர். தயங்கித் தயங்கிக் கணவர்தாம் பேச்சைத் தொடங்கினார்.

"சாமி, செயின்ட் பெர்னார்ட் நாய்க்குட்டி ஒன்று வாங்கலாமென்று இருக்கிறோம். ரொம்பப் பெரிய சாதி. ஆனால் குழந்தை மாதிரி அன்பாக இருக்குமாம். புனிதர் பெயர் கொண்ட நாய்தானே, தப்பில்லையே?"

நாம் சிரித்துவிட்டோம். பின்னர் விலையைக் கேட்டோம். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் நமது சிரிப்பு மறைந்தது. மனிதரின் துயர் துடைக்க முதற்கண் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுதல் தகாது என்பது திருச்சபையின் போதனை என்றும், நமது பங்கின் கடைக்கோடியில் பள்ளிக் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகள் இருக்கின்றனர் என்றும், மறையுரை மேடையில் நிற்பது போன்ற குரலில் எடுத்துரைத்தோம். கணவர் தலை குனிந்தார். அதுவரை பேசாதிருந்த அம்மையார் அமைதியாகச் சொன்னார்: "வின்சென்ட் தே பவுல் சபைக்கு மாதாமாதம் கொடுக்கிறதை நாங்கள் நிறுத்தப் போவதில்லை, சாமி. இரவு ஏழு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது. அதற்கு என்ன செய்யலாமென்று நீங்களே சொல்லுங்கள்."

நம்மிடம் பதில் இல்லை. அவர்கள் வணக்கம் கூறிச் சென்றனர். அறைக்குத் திரும்பி, 1992ஆம் ஆண்டு வெளியிடப்பெற்ற கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலைத் திறந்து பார்த்தோம். நாம் எடுத்துக்காட்டியது 2418ஆம் பத்தி. அதில் நாம் சொன்னது உண்டு. ஆயின் விலங்குகளைக் காரணமின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு ஒவ்வாது என்பதும், விலங்குகளை நேசிக்கலாம் என்பதும், மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்பால் திருப்பிவிடலாகாது என்பதும் அதே பத்தியிலேயே உண்டு. இதற்கு இரண்டு பத்திகள் முன்னதாக, விலங்குகளும் இறைவனின் படைப்புகளே, அவை தம் இருப்பினாலேயே அவரைப் புகழ்கின்றன, ஆகவே மனிதர் அவற்றிற்குப் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளனர் என்றும் கூறப்பட்டுள்ளது. நாமோ நமக்கு அவ்வேளையில் வசதியான வரியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அரைகுறையாக எடுத்தாளப்படும் உண்மை பொய்யைவிட ஆழமாகக் குத்தும் என்பதை அந்த அம்மையாரின் முகத்தில் கண்டோம்.

அன்று தொடங்கிய வாசிப்பும் சிந்தனையுமே இக்கட்டுரை. அன்புக்காக ஓர் உயிரைத் தேர்ந்துகொள்வது சரிதானா? தேர்ந்துகொண்டபின் நாம் அதற்குப் பட்ட கடன் என்ன?

முதலில் அந்தப் புனிதர் யார் எனக் கூறிவிடுவோம். மறைவல்லுநரான கிளேர்வோ மடத்துப் பெர்நார்து அல்லர் இவர். அவருக்கு முந்தியவர், மெந்தோன் பெர்நார்து என அழைக்கப்படுபவர், இத்தாலியின் ஆவொஸ்தா நகர மறைமாவட்டத்தில் தலைமைத் திருத்தொண்டராக இருந்தவர். இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து 2,469 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் உண்டு. ஆண்டில் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும் அவ்வழியே உரோமைக்குத் திருப்பயணம் சென்றோர் பனிப்புயலிலும் கள்வர் கையிலும் சிக்கி மாண்டனர். 1050ஆம் ஆண்டு வாக்கில் பெர்நார்து அக்கணவாயின் உச்சியில் வழிப்போக்கர் இல்லம் ஒன்றை நிறுவினார். புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் இன்றும் அங்கே வாழ்கின்றனர். அவ்வில்லத்தின் கதவை எவருக்கும் பூட்டுவதில்லை என்பது மரபு. இளமையில் மலையேறுவதில் பெருவிருப்பம் கொண்டிருந்த திருத்தந்தை பதினொன்றாம் பயஸ், 1923ஆம் ஆண்டு இப்புனிதரை ஆல்ப்ஸ் மலைவாழ் மக்களுக்கும் மலையேறுவோருக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

ஆனால் புனித பெர்நார்து இந்த நாய்களைக் கண்டதே இல்லை! பதினேழாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான் நாய்கள் அவ்வில்லத்திற்கு வந்தன. பள்ளத்தாக்கில் வாழ்ந்த குடும்பங்கள் காவலுக்கென அவற்றை அளித்திருக்கலாம். சமையலறையில் இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றும் சக்கரத்திற்குள் நடப்பதுகூட ஒரு காலத்தில் அவற்றின் பணியாக இருந்தது. பயணிகளுக்கு வழிகாட்டச் சென்ற பணியாளரோடு அவை போய்வரத் தொடங்கியபோதுதான், மூடுபனியிலும் பாதையை அவை அறிந்துகொள்வதும், பனிக்கடியில் புதையுண்ட மனிதரை மோப்பத்தால் கண்டுகொள்வதும் புலனாயிற்று. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளில் இரண்டாயிரம் பேருக்குமேல் அவற்றால் உயிர் பிழைத்தனர் என்பது வழங்கிவரும் கணக்கு.

அவற்றுள் புகழ்பெற்றது 'பாரி' என்னும் நாய். (இப்பெயரைத் தமிழில் எழுதும்போதெல்லாம் நமக்குப் பறம்புமலைப் பாரி வள்ளலே நினைவுக்கு வருகிறார். முல்லைக்கொடி படர ஒரு கொம்பு போதும், தேர் மிகைதான். ஆயினும் கொம்பு கொடுத்தவர் எவரையும் தமிழ் நினைவில் வைத்திருக்கவில்லை.) 1800ஆம் ஆண்டில், நெப்போலியன் ஏறத்தாழ நாற்பதாயிரம் வீரருடன் அக்கணவாயைக் கடந்த அதே ஆண்டில், பிறந்தது அது. நாற்பது பேருக்குமேல் காத்ததாகச் சொல்லப்படுகிறது. வயது முதிர்ந்தபின் 1812இல் பெர்ன் நகருக்குக் கொண்டுவரப்பட்டு, இரண்டு ஆண்டுகள் ஓய்வாக வாழ்ந்து 1814இல் இறந்தது. ஓநாயென எண்ணிய ஒருவனை அது காக்கச் சென்றபோது அவனே அதைக் குத்திக் கொன்றான் என்பது கட்டுக்கதை. பாரிஸ் நகரையடுத்த நாய்க் கல்லறைத் தோட்டத்தில் இக்கதையைத் தாங்கிய நினைவுச் சின்னமும் எழுப்பப்பட்டிருக்கிறது. நல்லவை யாவும் நன்றிகெட்ட கையால்தான் சாக வேண்டும் என நாம் எதிர்பார்க்கிறோம் போலும்.

கழுத்தில் தொங்கும் மதுப்பீப்பாயின் கதையும் இத்தகையதே. எட்வின் லேண்ட்சீர் என்னும் ஆங்கில ஓவியர் பதின்பருவத்திலேயே, 1820இல், பனியில் கிடக்கும் பயணி ஒருவனை இரு நாய்கள் எழுப்புவதாக வரைந்த ஓவியத்தில், ஒன்றன் கழுத்தில் சிறு பீப்பாயைச் சேர்த்தார். அதன்பின் உலகம் பீப்பாய் இல்லாமல் அந்நாயை நினைப்பதே இல்லை. துறவியரின் நாய்கள் அப்படி எதையும் சுமந்து திரியவில்லை. குளிரில் விறைத்தவனுக்கு மது கொடுத்தால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து எஞ்சியிருக்கும் வெப்பமும் வெளியேறிவிடும் என்பது மருத்துவம்.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாரியின் உடல் பதப்படுத்தப்பட்டு பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் வைக்கப்பட்டுள்ளது. உயிரோடிருந்தபோது அதன் எடை 40 முதல் 45 கிலோ வரை இருந்திருக்கும் என்பர். இன்று அவ்வினத்தின் ஆண் நாய் 70, 80 கிலோ எடை கொண்டதாகவும் அதற்கு மேலும் வளர்கிறது. 1884இல் சுவிட்சர்லாந்தின் இனப் பதிவேடு தொடங்கப்பட்டபோது முதற்கண் இடம்பெற்றவை இந்த நாய்களே. 1887இல் சூரிச் நகரில் இனத்தின் இலக்கணம் வகுக்கப்பட்டது. கண்காட்சிகளில் பரிசுபெறும் பொருட்டு, இன்னும் பெரிய தலை, இன்னும் கனத்த உடல், இன்னும் தொங்கிய உதடு என வளர்ப்போர் தேர்ந்து தேர்ந்து பெருக்கினர். 1923இல் பாரியின் உடலைப் புதுப்பித்தவர்கள், அதன் தலை அன்றைய நாய்களின் தலையைப் போல் இல்லையெனக் கண்டு, தலையின் வடிவையே மாற்றி அமைத்தனர். மனிதரைக் காத்த உண்மையான நாய், நாம் விரும்பிய நாயைப் போல் இல்லை. ஆகவே இறந்ததைத் திருத்தினோம். நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டே நாம் பிள்ளைகளுக்கும் மாணவருக்கும், ஏன், புனிதர்களின் வரலாறுகளுக்கும் இதைத்தான் செய்துவிடுகிறோமோ என்று நாம் பலநாள் எண்ணியதுண்டு.

மலைத் துறவியர் அன்புக்காக நாயைத் தேர்ந்துகொள்ளவில்லை; பணிக்காகத் தேர்ந்தனர். அடர்ந்த நீண்ட மயிர் கொண்ட குட்டிகள் அழகாயிருந்தும், அம்மயிரில் பனிக்கட்டி ஒட்டிக் கனத்ததால், அவற்றைப் பள்ளத்தாக்கு மக்களுக்குக் கொடுத்துவிட்டனர். நம் நாட்டு மாடித் தோட்டங்களில் இன்று மூச்சிரைத்துக் கிடப்பவை பெரும்பாலும் அந்த மயிர் நீண்ட வகையைச் சேர்ந்தவையே. பணிக்காகத் தேர்ந்தவர்களுக்கு அன்பு தானாக வாய்த்தது. ஒரே கூரையின்கீழ், ஒரே ஆபத்தில் பங்குகொண்டு வாழ்ந்த உயிர்களுக்கிடையே அது வளர்ந்தது. நாம் இப்போது பணியை நீக்கிவிட்டு, அன்பை மட்டும் தனியே பிரித்து, விலை பேசுகிறோம். விளம்பரத்தில் எடை, உயரம், நிறம் ஆகியவற்றோடு 'பாசமானது' என்பதும் ஓர் இலட்சணமாக எழுதப்படுகிறது.

அன்பைத் தேடுவோர் ஏன் பேருருவை நாட வேண்டும்? சிறிய நாய் மடியில் ஏந்துவதற்கு. பெரிய நாய் சாய்ந்துகொள்வதற்கு. செயின்ட் பெர்னார்டும் கிரேட் டேனும் தம்மை வளர்ப்பவரின் காலருகே நின்று முழு எடையையும் அவர்மேல் சாய்க்கும் இயல்புடையவை. தோள்கொடுக்க வேண்டிய பிள்ளைகள் தொலைவில் இருக்க, ஒரு முதியவர் தம்மேல் சாயவும் தாம் சாயவும் ஓர் உடல் வேண்டுமென விரும்பினார் என்றால், அதில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது? நாம் நகைத்தோம்.

ஆயினும் அப்பேருருவுக்கு விலை கொடுப்பது யார் என்று கேட்டாக வேண்டும். பொதுவாக உயிரினங்களில் பெரியது நெடுநாள் வாழும். எலியைவிட யானை பன்மடங்கு வாழ்கிறது. நாயினத்திற்குள் மட்டும் இவ்விதி தலைகீழாகிறது. நாட்டு நாயும் சிறு சாதி நாயும் பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் இருக்க, செயின்ட் பெர்னார்ட் எட்டு முதல் பத்து ஆண்டுகளே வாழும். அயர்லாந்தின் பேருருவ ஓநாய்வேட்டை நாய்க்கு ஏழாண்டுகள் வாய்த்தால் பெரிது. நாயின் எடை ஏறத்தாழ இரண்டு கிலோ கூடக் கூட, அதன் வாழ்நாளில் ஒரு மாதம் குறைகிறது என 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேலிருக்கும் குட்டி, இரண்டே ஆண்டுகளில் நூறு மடங்குக்குமேல் பெருகுகிறது. எலும்பு அவ்வேகத்தைத் தாங்குவதில்லை. இடுப்பு மூட்டு பிசகுகிறது. எலும்பில் புற்று தோன்றுகிறது. இதயத் தசை தளர்ந்து விரிகிறது. சில வேளைகளில் இரைப்பை காற்றால் ஊதித் தன்னையே முறுக்கிக்கொள்கிறது. சில மணி நேரத்தில் அறுவை செய்யாவிட்டால் மரணம்தான். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே அது தன் வெப்பத்தைத் தணிக்கிறது. பனிமலைக்கென அமைந்த மயிர்ப் போர்வையோடு நமது சித்திரை வெயிலில் அதை நிறுத்துவது என்னவென்று ஒவ்வொருவரும் தம் மனச்சான்றைக் கேட்டுக்கொள்ளட்டும். அன்பாயிருக்கும் என்று அதைத் தேர்ந்தோம். அந்த அன்பு வாழ வேண்டிய உடலை நம் கண்ணுக்கு இனிதாகும் பொருட்டு முன்னோர் கெடுத்துவைத்தனர். அதை விலை கொடுத்து வாங்கும் நாம் அக்கேட்டில் பங்குகொள்கிறோம்.

குருமடத்தில் நாம் பயின்ற காலத்தில், புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், பகுத்தறிவற்ற உயிர்களை இறையன்பால் நேசிக்க வேண்டுமா என்று எழுப்பும் வினாவை ஒரே வகுப்பில் கடந்து சென்றோம். நட்பு என்பது வாழ்வில் பங்குகொள்வோரிடையே எழுவது. தன் நன்மையைத் தானே விரும்பி ஆளும் உரிமை விலங்குக்கு இல்லை. நிலைவாழ்வின் பேரின்பத்தில் அதற்குப் பங்கில்லை. ஆகவே நட்பெனும் முறையில் அதை நேசித்தல் இயலாது என்கிறார் அவர். ஆயினும், பிறருக்கு நாம் விரும்பும் நன்மைகளாக, கடவுளின் மாட்சிக்கும் மனிதரின் பயனுக்குமாக, அவற்றை நேசிக்கலாம். கடவுளும் அவ்வாறு நேசிக்கிறார் என முடிக்கிறார். பேராசானோடு வாதிட நாம் யார்? எனினும், வாழ்வில் பங்குகொள்ளுதல் என்பதற்கு, மூடுபனியில் மனிதனோடு சேர்ந்து நடந்த நாய்களைக் கண்டபின், கணவாயின் துறவியர் வேறொரு விளக்கம் எழுதியிருக்கக்கூடும்.

விவிலியத்தில் நாயைப் பற்றிய நல்ல சொல் அரிது. தோபித்து நூலில் மட்டும், இளைஞன் தோபியா வானதூதர் இரபேலோடு நெடும்பயணம் புறப்படும்போது ஒரு நாயும் உடன் செல்கிறது. திரும்பும்போதும் உடன் வருகிறது. மீனின் பித்தப்பைக்குக் கதையில் வேலை உண்டு, அந்த நாய்க்கு யாதொரு வேலையும் இல்லை. அதன் பெயரோ நிறமோ அளவோ சொல்லப்படவில்லை. யாரும் அதைத் தேர்ந்ததாகவும் இல்லை. புனித ஜான் போஸ்கோவின் வாழ்விலும் இப்படி ஒன்று வந்தது. 1850களில் தூரின் நகரின் இருண்ட தெருக்களில், அவரைத் தாக்கக் காத்திருந்தோரிடமிருந்து காத்த, ஓநாய் போன்ற பெரிய சாம்பல்நிற நாயைப் பற்றி அவரே எழுதி வைத்துள்ளார். நிறத்தைக் கொண்டே 'கிரிஜியோ' என்று அதை அழைத்தார். ஒருநாள் மாலை அவர் வெளியே புறப்படுகையில் அது வாயிலில் குறுக்கே படுத்து வழிவிட மறுத்தது. வெளியே ஆபத்து காத்திருந்ததென்னும் செய்தி சற்று நேரத்தில் வந்தது. அந்த நாய் எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என எவருக்கும் தெரியவில்லை.

இவையெல்லாம் தாமே வந்து சேர்ந்த நாய்கள். ஆயினும் தேர்ந்துகொள்வதே தவறு என்று இதிலிருந்து முடிவுகட்ட நாம் துணியவில்லை. தேர்ந்துகொள்ளும் அன்பை நமது விசுவாசம் நன்கறியும். இஸ்ரயேல் மக்கள் எண்ணிக்கையில் பெரியவர்கள் என்பதற்காக ஆண்டவர் அவர்களைத் தேர்ந்துகொள்ளவில்லை, எல்லாரிலும் சிறியவர்களாக இருந்தும் அன்பினாலேயே தேர்ந்துகொண்டார் என்று இணைச்சட்ட நூல் கூறுகிறது. அவர் தேர்ந்தபின் கைவிடவில்லை. நமது தேர்வில் குறை காண வேண்டுமாயின் அங்கேதான் காண வேண்டும். குட்டியாயிருக்கையில் தோளில் தூக்கித் திரிந்துவிட்டு, வளர்ந்தபின் தீனி கட்டுப்படியாகவில்லை என்று இரவோடிரவாக நெடுஞ்சாலையில் இறக்கிவிடப்பட்ட உயர்சாதி நாய்களை நாம் கண்டிருக்கிறோம். தெருநாய்களிடையே அவை நிற்கும் நிலை காணச் சகியாதது. பிச்சையெடுக்கவும் அவற்றுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பு நாம் பணியாற்றிய பங்கில் ஒரு வளமான குடும்பத்தார் இரண்டு கிரேட் டேன் நாய்களை வளர்த்தனர். பசுவைப் போல் சாதுவான நாய்கள். நாம் நோயாளிக்கு நற்கருணை கொண்டு சென்ற நாள்களில் நம் அங்கியை முகர்ந்துவிட்டு விலகி நிற்கும். ஆனால் அவை வந்த பிறகு, அத்தெருவில் கூடையோடு மீன் விற்க வரும் பெண், அந்த வீட்டுக்கு முன் நிற்பதை விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் கஞ்சிக்கு வரும் மூதாட்டியும் வரவில்லை. குடும்பத்தாருக்கு அது தெரியவே இல்லை. "நம் நாய்கள் யாரையும் ஒன்றும் செய்யாதே, சாமி!" என்று வியந்தனர். உண்மைதான். அன்பு வேலிக்கு உள்ளே இருப்பவருக்குத் தெரியும். உருவம் வேலிக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியும். லூக்கா நற்செய்தியில் செல்வரின் வாயிலருகே கிடந்த ஏழை இலாசரின் புண்களை நாய்கள் நக்கின. அது அவரது இழிநிலையின் உச்சம் என்று சிலர் பொருள் கொள்வர். மனிதன் காட்டாத பரிவை நாய் காட்டியது என்று வேறு சிலர் கொள்வர். எவ்வாறாயினும், அந்நாய்கள் வாயிலுக்கு வெளியே இருந்தன. பூட்டப்படாத கதவின் முன் படுத்திருந்த மலைத் துறவியரின் நாயையும், பூட்டிய கதவின் பின்னே நிற்கும் நம் நகரத்து நாயையும் ஒரே இனமென்று பதிவேடு சொல்லலாம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டு சனவரி மாதப் பொதுச் சந்திப்பு ஒன்றில், பிள்ளைகளுக்குப் பதில் நாயையும் பூனையையும் வளர்க்கும் தம்பதியரைப் பற்றி வருந்திப் பேசினார். அது பலருக்குக் கசந்தது. அவர் பேசியது பிள்ளைப்பேற்றைத் தவிர்க்கும் இளையோரிடம். நமது பங்குகளின் நிலை வேறு. இங்கே பிள்ளைகளைப் பெற்று, கடன்பட்டுப் படிக்கவைத்து, விமானம் ஏற்றிவிட்டு, ஞாயிறு தோறும் கைப்பேசித் திரையில் பேரப்பிள்ளைகளின் நெற்றிக்குச் சிலுவை அடையாளம் வரைகின்ற முதியோர் எண்ணற்றோர். இவர்கள் மனிதருக்குரிய பாசத்தை விலங்கின்பால் திருப்பியவர்கள் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அப்பாசத்தைப் பெற வேண்டிய மனிதர்தாம் அங்கே இல்லையே. அவர்களது வீட்டில் இரவு ஏழு மணிக்கு மேல் சத்தம் இல்லாமல் போனதற்கு, வாரத்திற்கு ஒருமுறைகூட அவர்களை எட்டிப் பாராத அன்பியமும் பங்குத் தந்தையும் பொறுப்பல்லரா?

அந்தத் தம்பதியர் நம் பேச்சைக் கேட்கவில்லை. 2020 பிப்ரவரியில் குட்டி வந்தது. அடுத்த மாதமே ஊரடங்கு. ஆலயக் கதவுகளே மூடப்பட்டன. அந்த மாதங்களில் அந்த வீட்டில் மட்டும் சத்தம் இருந்தது என்று பின்னர் அறிந்தோம். வெயிலைப் பற்றி நாம் பின்னாளில் எச்சரித்தது சரியாகவே இருந்தது. ஒரு கோடையில் அது மயங்கி விழுந்து, ஈரச் சாக்கு போர்த்தி மருத்துவரிடம் எடுத்துச் சென்றனர். அதன்பின் குளிரூட்டிய அறை அதற்கு, மின்விசிறி அவர்களுக்கு என்றாயிற்று. ஏழைகளுக்குக் கொடுத்துவந்த பணம் குறையவில்லை. இதனை வின்சென்ட் தே பவுல் சபையின் கணக்கேட்டில் நாமே இரகசியமாகப் பார்த்தோம். அதற்காகப் பின்னர் வெட்கப்பட்டோம்.

2023இல் கணவர் திடீரென மாரடைப்பால் இறந்தார். அடக்கத்திற்கு வந்த பிள்ளைகள் நாயை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. அறுபத்தெட்டு வயது அம்மையார், அறுபத்தைந்து கிலோ நாய். அது அன்போடு ஒருமுறை இழுத்தாலே அவர் விழுந்துவிடுவார். கொடைக்கானலில் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் ஏற்றுக்கொள்ள முன்வந்தார். குளிர்ந்த இடம், ஓடுவதற்கு நிலம். அம்மையார் நம்மிடம் வந்தார். "அதைக் கொடுத்துவிடுவது பாவமா, சாமி? அதற்கு எது நல்லது, எனக்கு எது நல்லது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை."

இம்முறை நாம் எந்தப் பத்தியையும் எடுத்துக்காட்டவில்லை. உடலுக்கு மலையே நல்லது என்று நமக்குத் தோன்றியது. அதை மறைக்காமல் சொன்னோம். முப்பதாம் நாள் திருப்பலி வரை முடிவெடுக்க வேண்டாம் என்றும் சொன்னோம். அத்திருப்பலி முடிந்த மாலை அவர் வந்து சொன்னார்: "அவர் இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும், சாமி. அதற்குத் தெரியாது. அதனிடம் சொல்லவும் வழியில்லை. இப்படி இருக்கும்போது அதை எப்படி இன்னோர் இடத்துக்கு அனுப்புவேன்?" இது சரியான முடிவா என நாம் இன்றும் அறியோம். அந்த நாய் கொடைக்கானலில் இன்னும் இரண்டாண்டு கூடுதலாக வாழலாம்.

நமது பங்கின் இளையோர் இயக்கத்துப் பையன்கள் இருவர் விடியற்காலை ஐந்து மணிக்கு, வெயில் ஏறுமுன், அதை நடத்திச் செல்கின்றனர். திரும்பி வந்து அந்த வீட்டிலேயே காப்பி அருந்துகின்றனர். அந்நேரத்தில் வெளிக்கதவு திறந்தே இருப்பதால், பால்காரரும் பக்கத்துத் தெருவின் இரண்டு மூதாட்டிகளும்கூட அங்கே வந்து உட்காருகின்றனர். அதற்கு இப்போது ஐந்து வயது கடந்துவிட்டது. பின்னங்கால்கள் தளரத் தொடங்கியுள்ளன. நமக்கும் மாற்றல் வரும் காலம் நெருங்குகிறது. முழங்கால் வலியால் ஆலயத்திற்கு வர இயலாத அம்மையாருக்கு முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டு செல்கையில், அது வாசற்படியின் குறுக்கே படுத்திருக்கும். எழுந்திருக்கச் சொன்னால் வாலை மட்டும் ஒருமுறை தரையில் அடிக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கியைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாம் அதைத் தாண்டி உள்ளே செல்கிறோம்.